டிராகன் டிராகனாகவே இருந்தால் என்ன?

இலக்கியம் பேசுகிறவர்களோடு பழகும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ரஷ்ய நாவல் படிக்கிறேன் என்றால் யாருடைய மொழிபெயர்ப்பு என்று பேச்சு வளரும். துப்பறியும் கதை என்றால், "ஒரு காலத்தில் நானும் விடிய விடியப் படித்தேன்" என்று யாராவது சேர்ந்துகொள்வார்கள். ஃபேண்டஸி என்றால் மட்டும், "வீட்டுப் பிள்ளைகளுக்கா?" என்று கேள்வி வருகிறது. கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வளர்ந்த ஒருவர் மந்திரவாதியும் டிராகனும் வரும் நாவலை முழு மனதோடு படிக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஃபேண்டஸிக்கு மற்ற வகைகளைவிட மரியாதை குறைவா என்று கேட்டால், ஆமாம், குறைவுதான் என்பேன். விற்பனையில் குறைவில்லை, ரசிகர்களிலும் குறைவில்லை. இலக்கியம் என்று தலையசைத்து ஏற்றுக்கொள்ளும் இடத்தில்தான் குறைவு. ஆனால் கதையில் மாயம் வருவது அங்கே யாரையும் உறுத்துவதில்லை. அந்த மாயம் வேறு எதற்காவது நிற்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறார்கள். அரசியலுக்கு, வரலாற்றுக்கு, ஒருவரின் மனச்சிதைவுக்கு என்று ஏதாவது ஒன்றுக்கு நின்றால் மரியாதை கிடைத்துவிடும். டிராகன் என்பது வயதும் பேராசையும் சூதும் உள்ள ஒரு பிராணி, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நூல் சொன்னால் அது சிறுபிள்ளை விஷயம் ஆகிவிடுகிறது. என் மனத்தாங்கல் எல்லாம் இதில்தான்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ஃபேண்டஸி நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954லும் 1955லுமாக மூன்று பாகங்களாக வந்தது. அமெரிக்காவின் பெரிய விமர்சகர்களில் ஒருவரான எட்மண்ட் வில்சன் 1956 ஏப்ரலில் 'தி நேஷன்' இதழில் அதற்கு எழுதிய மதிப்புரை இன்றுவரை பேசப்படுகிறது. சிலருக்கு, குறிப்பாக பிரிட்டனில் உள்ள சிலருக்கு, சிறுவர் குப்பையின் மேல் ஆயுள் முழுக்கத் தீராத பசி இருக்கிறது என்று அதில் எழுதினார். அதே மதிப்புரையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. அந்த ஆயிரம் பக்கத்தையும் அவர் தன் ஏழு வயது மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். அவளுக்கு ஆர்வம் குறையவே இல்லை என்று அவரே சொல்கிறார். மொழியாராய்ச்சியும் வம்சாவளியும் போர்த் தந்திரமும் நிறைந்த ஆயிரம் பக்கத்தை ஏழு வயதுக் குழந்தையை உட்கார வைத்துக் கேட்கச் செய்வது எவ்வளவு அரிய திறமை! வில்சன் அதை நூலின் மேல் ஒரு குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அதே ஆண்டு ஜனவரியில் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் மூன்றாம் பாகத்துக்கு மதிப்புரை எழுதினார். இந்த அளவுக்கு ஆவேசமான வாக்குவாதங்களைக் கிளப்பிய நூல் அரிது என்றும், யாருக்குமே இதைப் பற்றி மிதமான கருத்து இல்லை என்றும் சொன்னார். ஆடன் அதை ஒரு தேடல் கதையாக எடுத்துக்கொண்டு, தேடல் கதைக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்டுப் பார்த்தார். வில்சன் யதார்த்த நாவலுக்குரிய கேள்விகளைக் கேட்டார். வில்சனை மட்டம் தட்டுவது என் நோக்கமல்ல. நவீனத்துவ எழுத்தை அமெரிக்க வாசகர்களுக்கு விளக்கிச் சொன்னவர் அவர். அப்படிப்பட்ட வாசகருக்கே இந்த இடத்தில் காது கேட்காமல் போனது என்பதுதான் விஷயம்.

1961ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு டோல்கீனின் பெயரைப் பரிந்துரைத்தவர் அவருடைய நண்பர் சி. எஸ். லூயிஸ். நோபல் குழுவின் குறிப்புகள் 50 ஆண்டுகள் பூட்டியே இருக்கும் என்பதால் 2012ல்தான் அந்த விவரம் வெளியே வந்தது. எந்த வகையிலும் உயர்ந்த கதைசொல்லலின் தரத்தை எட்டவில்லை என்று குழுவைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஆஸ்டர்லிங் எழுதி ஒதுக்கியிருந்தார். பரிசு யுகோஸ்லாவியாவின் இவோ ஆண்ட்ரிச்சுக்குப் போனது. ஆண்ட்ரிச் தகுதியானவர், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கதைசொல்லலில் குறை என்ற காரணத்தை, ஒரு வாசகத் தலைமுறையையே கட்டிப்போட்ட கதைசொல்லி மேல் வைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

1997ல் பிரிட்டனில் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக்கடையும் சேனல் 4 தொலைக்காட்சியும் நூற்றாண்டின் சிறந்த நூல் எது என்று வாசகர்களிடம் கேட்டன. டோல்கீன் முதலிடத்தில் வந்தார். இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகத் தாக்கம் செலுத்திய எழுத்தாளராக டோல்கீன் ஆகிவிடுவாரோ என்பது மாணவப் பருவத்திலிருந்தே தனக்குப் பயங்கரக் கனவாக இருந்தது, அந்தக் கனவு பலித்துவிட்டது என்று எழுத்தாளர் ஜெர்மெய்ன் கிரியர் எழுதினார். ஃபேண்டஸியின் குறி நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது என்பது அவருடைய வாதம்.

தப்பி ஓடுதல் என்ற இந்தக் குற்றச்சாட்டுக்கு டோல்கீன் வெகு முன்பே பதில் சொல்லியிருக்கிறார். 1939ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை பிறகு விரிந்து கட்டுரையாக வந்தது. சிறையில் கிடக்கும் ஒருவன் வெளியேறி வீடு போக நினைத்தால் அதில் என்ன இழிவு, கைதி தப்பிப்பதையும் சிப்பாய் போர்க்களத்திலிருந்து ஓடிப்போவதையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று அதில் கேட்கிறார். இதைக் கேட்டவர் போர்க்களத்தைக் கண்ணால் பார்த்தவர். முதல் உலகப் போரின்போது 1916ல் பிரான்சில் நடந்த ஸோம் போரில் இருந்தார். 1918க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று பின்னாளில் முன்னுரையில் எழுதினார். இறந்தவர்களின் முகங்கள் தண்ணீருக்கடியில் தெரியும் சதுப்பு நிலம் ஒன்று அவர் நாவலில் வருகிறது. அதில் ஸோம் போருக்குப் பிந்தைய வட பிரான்சின் சாயல் கொஞ்சம் உண்டு என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கதையின் முடிவில் நாயகன் ஃப்ரோடோ வெற்றியோடு ஊர் திரும்புகிறான். ஊர் காப்பாற்றப்படுகிறது, அவன் மட்டும் குணமாகவில்லை. ஆண்டுதோறும் அதே நாளில் காயம் வலிக்கிறது. போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி இதைவிட உண்மையாக எழுதிய யதார்த்த நாவல்கள் எனக்குத் தெரிந்து சிலவே.

இங்கே நானும் அந்தப் பொறியில் விழக்கூடாது. ஸோம் இருப்பதால்தான் அந்தச் சதுப்பு நிலம் மதிப்புள்ளது என்று நான் சொன்னால் வில்சன் கட்சிக்கே வலு சேர்க்கிறேன். போரைப் பற்றி ஒன்றும் தெரியாத வாசகரையும் அந்த இடம் நடுங்க வைக்கிறது. அதுதான் அதன் மதிப்பு. டோல்கீனும் தன் கதையை உருவகமாகப் படிப்பதைக் கடைசிவரை எதிர்த்தார்.

கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸுக்கு 1982ல் நோபல் கிடைத்தது. அவருடைய நாவலில் ஒரு பெண் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்குப் பறந்து போகிறாள். நம் சிற்றிதழ்களிலும் மாய யதார்த்தம் பற்றி எவ்வளவோ எழுதினார்கள், படித்தோம், நல்லதுதான். ஆனால் அதே வாசகர்கள் டோல்கீன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. யதார்த்தமான ஓர் ஊரில் மாயம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அதை வரலாற்றின் காயம் என்று விளக்கலாம். ஊரே, மொழியே, நட்சத்திரமே புதிதாகப் படைக்கப்பட்டிருந்தால் விளக்கத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. மார்க்கேஸே தன் எழுத்தில் நிஜத்தில் வேரில்லாத ஒரு வரி கூட இல்லை என்று சொன்னவர். அந்தப் பெண் பறப்பதை அவரும் குறியீடாக விற்கவில்லை. நம் விமர்சனம்தான் அப்படிப் பொட்டலம் கட்டியது.

2015ல் பிரிட்டிஷ் நாவலாசிரியர் கஸுவோ இஷிகுரோவின் 'தி பரீட் ஜயண்ட்' வந்தபோது இந்தக் கூச்சம் பட்டவர்த்தனமாக வெளிப்பட்டது. பழைய பிரிட்டனில் நடக்கும் கதை, ஓகர்கள் என்ற அரக்கர்கள் உண்டு, பெண் டிராகன் ஒன்று உண்டு. வாசகர்கள் இதை ஃபேண்டஸி என்று சொல்லிவிடுவார்களோ என்ற தொனியில் இஷிகுரோ ஒரு பேட்டியில் தயங்கினார். அமெரிக்க ஃபேண்டஸி எழுத்தாளர் அர்சுலா லெ குவினுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சொல்லை ஆசிரியர் வசவாக நினைக்கிறார் போலிருக்கிறது என்று எழுதினார். இஷிகுரோ, தான் குட்டிச்சாத்தான்கள், டிராகன்களின் பக்கம்தான் நிற்பதாகப் பதில் சொன்னார். லெ குவினும் பிறகு தான் அவசரப்பட்டதாக இறங்கி வந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் மதிப்பு உண்டு. ஆனால் லெ குவினுக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்று தைத்தது என்பது புரிகிறது. முந்தைய ஆண்டுதான் அமெரிக்க தேசியப் புத்தக அறக்கட்டளை அவருக்கு வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் கொடுத்தது. இலக்கியத்திலிருந்து இத்தனை காலம் ஒதுக்கி வைக்கப்பட்ட ஃபேண்டஸி, அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் எல்லோரோடும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொள்வதாக அவர் மேடையிலேயே சொன்னார். அப்போது அவருக்கு 85 வயது.

ஒதுக்குவதற்கு நாசூக்கான வழிகளும் உண்டு. லெ குவினின் 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' 1973ல் அமெரிக்க தேசியப் புத்தக விருது வாங்கியது, சிறுவர் பிரிவில். மரணத்தைப் பற்றி அவ்வளவு கனமாக எழுதிய நாவல் அது. 2000 ஜூலையில் ஹாரி பாட்டர் நூல்கள் 'நியூயார்க் டைம்ஸ்' விற்பனைப் பட்டியலின் மேல்படிகளை விட்டு இறங்காமல் இருந்தபோது, சிறுவர் நூல்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு அங்கே அனுப்பினார்கள். 2004 ஆஸ்கரில் டோல்கீன் படத்தின் மூன்றாம் பாகம் போட்டியிட்ட 11 பிரிவுகளிலும் வென்றது. அந்த 11ல் நடிப்புக்கான பிரிவு ஒன்று கூட இல்லை. எல்லாவற்றையும் கொடுத்தார்கள், மனிதர்கள் நடித்ததை மட்டும் பார்க்கவில்லை. சாம் வேடத்தில் வரும் ஷான் ஆஸ்டின் நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறும் காட்சியை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

மோசமான ஃபேண்டஸி நிறைய இருக்கிறது என்பதும் உண்மை. டோல்கீனைப் பார்த்து அச்சடித்த குள்ளர்களும் வில்வீரர்களும் அலுப்பூட்டும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அறிவியல் புனைவைப் பற்றி இதே குறை சொல்லப்பட்டபோது அந்த வகை எழுத்தாளரான தியோடர் ஸ்டர்ஜன் 1950களில் சொன்ன பதில் பிரபலமானது. அதில் 90 சதவீதம் குப்பைதான், எல்லாவற்றிலும் 90 சதவீதம் குப்பைதான் என்றார். யதார்த்த நாவலை அதன் உச்சங்களை வைத்து எடைபோடுகிறோம். ஃபேண்டஸியை மட்டும் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் அட்டையைப் பார்த்து எடைபோடுகிறோம். சரி, இது வெளியூர்க் கதை. நம் வீட்டுக்கு வருவோம்.

தமிழில் மாயத்துக்கு நேர்ந்த கதி இன்னும் சிக்கலானது. இங்கே பக்தர்களும் பகுத்தறிவாளர்களும் இரண்டு பக்கமும் நின்று ஃபேண்டஸியை நெருக்குகிறார்கள். புராணத்தில் வரும் அற்புதத்தைப் புனைவு என்று சொன்னால் பக்தருக்கு மனம் புண்படும், ஏனென்றால் அவருக்கு அது நடந்த விஷயம். பகுத்தறிவாளருக்கோ அற்புதம் என்றாலே மூடநம்பிக்கையின் வாடை அடிக்கும். முற்போக்கு விமர்சனமும் மாயக்கதையை மக்களின் பிரச்சினையிலிருந்து திசைதிருப்பும் சரக்காகவே பார்த்தது. புராணங்களின் மேல் எழுந்த அந்த விமர்சனங்களின் சமூக நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கதை என்ற பெயரில் சாதியும் பெண்ணடிமைத்தனமும் திணிக்கப்பட்டபோது அவற்றை உடைத்துப் பேசத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஃபேண்டஸி யாரையும் நம்பச் சொல்வதில்லை. இது நான் இட்டுக்கட்டியது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டுத் தொடங்கும் எழுத்து அது. அட்டையை மூடியதும் வாசகரை எந்த நேர்த்திக்கடனும் இல்லாமல் விட்டுவிடுகிறது. இவ்வளவு நேர்மையான வடிவத்தைப் பகுத்தறிவாளர்கள்தான் முதலில் கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நடுவில் மாட்டிக்கொண்ட மாயக்கதைக்கு இங்கே கிடைத்த இடங்கள் இரண்டு. ஒன்று சிறுவர் பத்திரிகை, இன்னொன்று சினிமா. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947ல் தொடங்கிய அம்புலிமாமாவும், அதே இருவரின் விஜயா நிறுவனம் 1951ல் எடுத்த 'பாதாள பைரவி'யும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவைதான். ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்புறம் பெரியவர்கள் ஆனதும், ஒரு கதை நம்பும்படி இல்லையென்றால் "விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். பாசத்தோடு பார்த்த ஒன்றையே திட்டுவதற்கும் எடுத்துக்கொண்டோம்.

இதற்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் நம்மிடம் ஒரு சாத்தனார் இருந்தார். மணிமேகலையைப் பள்ளியில் அமுதசுரபி, பசிப்பிணி, பௌத்தம் என்று மூன்று சொற்களில் முடித்துவிடுகிறார்கள். அமுதசுரபி என்ற அந்தப் பிச்சைப் பாத்திரத்தின் கதையை முழுதாகப் படித்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்ட மாயக்கதை என்று. ஆபுத்திரன் பெற்றவள் விட்டுப்போன குழந்தை, பசு பால் கொடுத்துக் காப்பாற்றியவன். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊரை விட்டு விரட்டப்படுகிறான். மதுரையில் பிச்சையெடுத்து, கண்ணில்லாதவர்களுக்கும் காலில்லாதவர்களுக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை உண்கிறான். மழை கொட்டும் ஓர் இரவில் பசித்தவர்கள் வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றும் இல்லாமல் தவிக்கிறான். அப்போது சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தைத் தருகிறாள்.

சாதாரணக் கதை இங்கே நின்றுவிடும். சாத்தனார் இங்கேதான் தொடங்குகிறார். ஆபுத்திரனின் புகழ் பொறுக்காமல் இந்திரன் வருகிறான். அவன் தரும் வரத்தை ஆபுத்திரன் சிரித்து ஒதுக்குகிறான். கோபம் கொண்ட இந்திரன் பஞ்சத்தில் கிடந்த பாண்டிய நாட்டில் மழையைப் பெய்விக்கிறான். நாடு செழிக்கிறது, யாருக்கும் பசி இல்லை, பாத்திரத்தைத் தேடி வர ஆளில்லை. உலகத்தையே ஊட்டக்கூடிய பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உண்ண ஆள் தேடி அலைகிறான் அவன். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். புயலுக்கு ஒதுங்கிய கப்பல் மணிபல்லவத் தீவில் அவனை இறக்கிவிட்டு, அவன் ஏறாததைக் கவனிக்காமல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. பாத்திரம் அவன் ஒருவனுக்கு எத்தனை ஆண்டும் சோறு போடும். பலருக்கு ஊட்டவேண்டியதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள மனமில்லாமல் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிர் விடுகிறான்.

வஞ்சம் தீர்க்கக் கடவுள் எடுத்த ஆயுதம் வளம்! இந்த ஒரு திருப்பத்துக்காக நான் எந்த நாட்டு ஃபேண்டஸியோடும் இதை வைத்துப் பார்க்கத் தயார். அமுதசுரபிக்கு விதிகளும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறைதான் பொய்கையில் மேலெழும். மணிமேகலை கைக்கு வந்த பிறகும் முதல் பிச்சையை ஆதிரை இட்டால்தான் அது சுரக்கத் தொடங்கும். லெ குவினின் 'எர்த்ஸீ' தீவுகளிலும் இப்படித்தான். ஓரிடத்தில் மந்திரத்தால் மழை வரவழைத்தால் வேறோரிடம் வறண்டுபோகலாம் என்று அங்குள்ள மந்திரப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாயத்துக்கு ஒரு விதியும் விலையும் வைப்பதுதான் இந்தக் கலையின் தொழில்நுட்பம். சாத்தனாருக்கு அது கைவந்திருந்தது.

உரைநடையில் புதுமைப்பித்தன் இருந்தார். பிராட்வே பக்கம் கடவுள் நேரில் வந்து நின்று வழி கேட்பதையும், கந்தசாமிப் பிள்ளை அவரைத் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கிவிடுவதையும் எல்லோரும் கொண்டாடுகிறோம், அதில் சமூக விமர்சனம் இருப்பதால். 'பிரம்ம ராக்ஷஸ்', 'ஞானக் குகை', 'கபாடபுரம்' போன்ற கதைகளில் அவர் அந்தத் துணையும் இல்லாமல் இருட்டுக்குள் இறங்குகிறார். இந்தக் கதைகளைப் பற்றி நான் கேட்ட பேச்சு மிகக் குறைவு. 1997ல் வந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' ஒரு நகரத்தையே கற்பனையில் எழுப்பிய நாவல். அதைப் பற்றிய விவாதத்தில் பெரும்பகுதி தத்துவத்தைச் சுற்றியே நடந்தது. அந்த நகரம் எப்படிக் கட்டப்பட்டது, அதற்குள் நடமாடும்போது வாசகருக்கு என்ன ஆகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

இப்போது தமிழில் ஃபேண்டஸி எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்களின் கையெழுத்துப் பிரதிகளை அவ்வப்போது படிக்கக் கிடைக்கிறது. பலவற்றில் ஒரு பதற்றத்தைப் பார்க்கிறேன். நடுவிலேயே கதையை நிறுத்தி, இந்த அரக்கன் உண்மையில் கார்ப்பரேட் பேராசைதான் என்று யாராவது ஒரு பாத்திரம் விளக்கிவிடுகிறது. எதற்கு இதை எழுதினாய் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அவர்களிடம் நான் கேட்பது வேறு. உன் அரக்கன் எங்கே தூங்குகிறான்? எதைத் தின்கிறான்? அவனை ஊரார் என்ன பெயர் சொல்லித் திட்டுவார்கள்? இதற்குப் பதில் இருந்தால் அந்த விளக்கத்தை அடித்துவிடு என்று சொல்வேன். மதிப்புரை எழுதுகிறவர்களும் இந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்கலாம்.

ஃபேண்டஸி படித்ததே இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களை நான் முதலில் டோல்கீனிடம் அனுப்புவதில்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் திறம் அறிவித்த காதை, பாத்திர மரபு கூறிய காதை இரண்டையும் நல்ல உரையோடு படிக்கச் சொல்கிறேன். பதின்மூன்றாவதும் பதினான்காவதும். பிடித்திருந்தால் அடுத்து 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. சின்னப் புத்தகம்தான், இரண்டு நாளில் முடித்துவிடலாம்.